சிலுவையில் பெயர்ப்பலகை வைத்த அரசர்: கிறிஸ்துவின் அரசுரிமையும் இரக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பரில் கிறிஸ்து அரசர் பெருவிழா நெருங்கும்போது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசும் பெரியவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் கத்தோலிக்கன். அதனால் சொற்களும் பெரும்பாலும் எங்கள் பக்கத்துச் சொற்கள்தான். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர் வேறு சொல் சொல்லும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

இயேசு எந்த நாட்டை ஆண்டார்? பிறகு ஏன் அவரை அரசர் என்கிறீர்கள்?

எந்த நாட்டையும் ஆளவில்லை. படை இல்லை, வரி வாங்கவில்லை, தலைசாய்க்கவும் இடமில்லை. அவர் வாழ்ந்த கலிலேயாவை ஆண்டவன் ஏரோது அந்திப்பா. அவனுக்கும் மேலே ரோமைப் பேரரசன் திபேரியு.

அரசர் என்று அவர் தலைக்கு மேலே எழுதிவைத்தது ஒரே ஒரு இடத்தில்தான். ‘நாசரேத்து இயேசு யூதர்களின் அரசன்’ என்று ரோமை ஆளுநர் பிலாத்து எழுதிய குற்ற அறிவிப்பு அது. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் எழுதியிருந்ததாக யோவான் சொல்கிறார். ‘அரசன் என்று அவனே சொல்லிக்கொண்டதாக எழுதும்’ என்று தலைமைக் குருக்கள் திருத்தம் கேட்டார்கள். ‘நான் எழுதியது எழுதியதே’ என்று பிலாத்து முடித்துவிட்டான். கிறிஸ்தவர்கள் இன்றுவரை அந்தப் பலகையைக் கழற்றவில்லை. ஏளனமாக எழுதியதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் விசுவாசம்.

பழைய ஏற்பாட்டில் கடவுள்தானே அரசர்? சவுல், தாவீது எல்லாம் எப்படி வந்தார்கள்?

மக்கள் கேட்டு வாங்கினார்கள். 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மற்ற நாட்டாரைப்போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். இறைவாக்கினர் சாமுவேலுக்கு மனக்கசப்பு. ‘அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளினார்கள்’ என்கிறார் கடவுள். பிறகு ராஜா வந்தால் என்ன நடக்கும் என்று ஒரு பட்டியல் வருகிறது. உங்கள் பையன்களைத் தேருக்கு எடுப்பான். பெண்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பான். நல்ல வயலையும் ஒலிவத் தோப்பையும் எடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான், ஆட்டிலும் பத்தில் ஒன்று எடுப்பான். எடுப்பான், எடுப்பான் என்றே போகிறது.

அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு நற்செய்தியை வாசித்தால் ஒன்று தெரியும். இயேசுவின் கையில் எடுக்கிற வேலையே இல்லை. அப்பத்தை எடுத்தால் பிட்டுக் கொடுக்கிறார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டால் சீடர்களின் காலைக் கழுவுகிறார். பெரிய வியாழன் இரவில் எங்கள் பங்குக் குரு முட்டிபோட்டுப் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவும்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். ஒருமுறை அந்தப் பன்னிரண்டில் ஒருவர் வயலிலிருந்து நேரே வந்திருந்தார். வெந்நீர் ஊற்றிய தாம்பாளம் செம்மண்ணாகிப்போனது.

இறையாட்சி, விண்ணரசு, தேவனுடைய ராஜ்யம்: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். மத்தேயு மட்டும் பெரும்பாலும் ‘விண்ணரசு’ என்பார். பழைய மொழிபெயர்ப்பில் அது ‘பரலோகராஜ்யம்’. மூலத்தில் உள்ள ‘பசிலேயா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நிலப்பரப்பைவிட ஆளுகை என்ற பொருள்தான் முந்தி நிற்கும். அதனால் ‘ஆட்சி’ என்ற சொல் நன்றாகப் பொருந்துகிறது. தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ‘இறை’ என்றால் அரசன், கடவுள் இரண்டுமே. அரசனுக்குக் கட்டும் வரிக்கும் அதுதான் பெயர். கோயிலும் முதலில் கோவின் இல், அரசனின் வீடு.

தன்னை அரசர் என்று இயேசுவே சொன்னாரா?

நேரடியாகச் சொல்லத் தயங்கினார் என்றே தோன்றுகிறது. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட அன்று கூட்டம் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தது. அவர் தனியாக மலைக்குப் போய்விட்டார். பசியைத் தீர்த்தவனை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றுவது எல்லா ஊருக்கும் பொது. நமக்கு இது புதிதா என்ன?

குருத்தோலை ஞாயிறு அன்று கழுதைக்குட்டியில் வந்தார். இறைவாக்கினர் செக்கரியாவின் முன்னறிவிப்பு அது: எளிமையுள்ள அரசர் கழுதையின்மேல் வருவார். போருக்குப் போகிறவன் குதிரையில் போவான். பிலாத்து நேராகவே கேட்டபோதுதான் ‘எனது ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றது அல்ல’ என்று பதில் வந்தது. இந்த வாக்கியத்தைப் பலர் ‘இந்த உலகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை’ என்று புரிந்துகொள்கிறார்கள். அடுத்த வரியைப் பாருங்கள்: அப்படி இருந்திருந்தால் என் காவலர் போராடியிருப்பார்கள் என்கிறார். ஆட்சி இங்கேதான் நடக்கிறது. நடத்துகிற விதம்தான் வேறு.

சிலுவையில் தொங்குகிறவர் எப்படி அரசராக முடியும்?

இதற்கு லூக்கா 23ஆம் அதிகாரத்தைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அங்கே மூன்று பேர் வரிசையாக ஒரே சவாலை விடுகிறார்கள். ஆட்சியாளர்கள், ‘தன்னையே விடுவித்துக்கொள்ளட்டும்’ என்கிறார்கள். படைவீரர்கள், ‘நீ அரசனானால் உன்னையே காப்பாற்றிக்கொள்’ என்கிறார்கள். பக்கத்தில் தொங்கும் ஒருவனும் அதையே சொல்லி, ‘எங்களையும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்பவன்தான் அரசன் என்பது மூவருடைய கணக்கும்.

மற்றொருவன் இருக்கிறானே, நாம் நல்ல கள்ளன் என்று சொல்பவன், அவன் மட்டும் வேறு மாதிரிப் பேசுகிறான். ‘இயேசுவே, நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்.’ லூக்கா நற்செய்தியில் இயேசுவைக் கூப்பிடுகிறவர்கள் பெயரோடு ‘ஐயா’, ‘தாவீதின் மகனே’ என்று ஏதாவது சேர்ப்பார்கள். இவன் வெறும் பெயரைச் சொல்கிறான். ஒரே தண்டனையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிறவர்களுக்குள் பட்டம் எதற்கு? ஆனாலும் ஆட்சி என்ற சொல்லைக் கிண்டல் இல்லாமல் சொன்னவன் அந்தக் குன்றில் அவன் ஒருவன்தான். பதில் உடனே வருகிறது: ‘நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்.’ பழைய மொழிபெயர்ப்பில் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.’

பட்டம் ஏற்ற ராஜா முதலில் செய்வது சிறைக்கதவைத் திறப்பது என்பது பழைய வழக்கம். இந்த அரசர் போட்ட முதல் ஆணையும் ஒரு கைதிக்கு மன்னிப்புதான். போடும்போது அவருடைய கையிலும் ஆணி இருந்தது.

இரக்கம் என்றால் பாவம் பார்ப்பதா?

நம் பேச்சில் அப்படித்தான் ஆகிவிட்டது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பது. விவிலியத்தின் சொற்கள் அதைவிடக் கனமானவை. எபிரேயத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று ‘ஹெசெத்’. உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் நிற்பது. திருப்பாடல் 136இல் வரிக்கு வரி வரும் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’ இந்தச் சொல்தான். பழைய மொழிபெயர்ப்பில் ‘அவர் கிருபை என்றுமுள்ளது.’ மற்றது ‘ரஹமீம்’. அதன் வேர் ‘ரெஹெம்’, கருப்பை.

அந்தச் சொல் ஓர் அரசவையிலேயே வருகிறது. சாலமோன் முன்னால் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. வாளைக் கொண்டுவரச் சொல்கிறான் ராஜா. உண்மையான தாய்க்கு ‘ரஹமீம்’ பொங்கியது என்கிறது மூலம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘அவள் குடல் துடித்ததினால்’ என்று போட்டது. பெற்ற வயிறு என்று நாம் சொல்கிறோமே, அதேதான். சாலமோனின் தீர்ப்பு என்று உலகம் புகழ்கிறது. வழக்கைத் தீர்த்தது அந்த வயிறு.

மன்னிக்கிற அரசர் நீதியான அரசர் ஆவாரா? மனுநீதிச் சோழன் மன்னித்தானா?

ஒவ்வொரு வருடமும் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள், நல்ல கேள்வி. கன்றை இழந்த பசு மணியை அடித்தது. சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையே இருக்கிறது. பிரசங்கங்களில் இந்தக் கதையையும் சிலுவையையும் சட்டென்று முடிச்சுப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சோழன் மகன் கன்றைக் கொன்றவன். இங்கே தேர்க்காலில் படுப்பவர் குற்றமற்றவர், யாரும் தள்ளாமல் தானாக வந்தவர். ராஜாவும் அவரே.

இன்னொரு பக்கமிருந்து பார்க்கலாம். ‘கருணை மனு’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அது எங்கே போகிறது? குடியரசுத் தலைவருக்கு, அரசியல் சாசனம் பிரிவு 72இன்படி. ஆளுநருக்கு என்றால் பிரிவு 161. மன்னராட்சி போய் எத்தனை காலம் ஆனாலும், மன்னிக்கும் அதிகாரம் ஆட்சியின் உச்சியில் இருப்பவரிடமே தங்கியிருக்கிறது. நீதிபதி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மன்னிப்பு அரசுரிமையோடு சேர்ந்தது. அதனால் இரக்கத்தை அரசரின் பலவீனம் என்று சொல்ல முடியாது, அது அவருடைய முத்திரை. எங்கள் திருவழிபாட்டில் பொதுக்காலம் 26ஆம் ஞாயிறன்று ஒரு மன்றாட்டு உண்டு. மன்னிப்பதிலும் இரங்குவதிலுமே கடவுளின் எல்லாம் வல்ல ஆற்றல் மிகுதியாக வெளிப்படுகிறது என்று அதில் சொல்கிறோம்.

இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதற்குக் கடைக்கணக்குப்போல ஓர் உதாரணம் கொடுத்தார். ஒருவருக்கு நூறு தெனாரியம் (ரோமை வெள்ளிக்காசு) தரவேண்டியவன் தன் கையிலிருந்து இருநூறு கொடுத்தால் நீதி கெட்டதா? கெடவில்லை, அதற்கு மேலே போயிருக்கிறது. வள்ளுவரும் கண்ணோட்டத்தை, அதாவது இரக்கத்தை, குறளின் அரசியல் பகுதியில்தான் வைத்தார். கடமை கெடாமல் கண்ணோட வல்லவருக்கே இந்த உலகம் உரிமை என்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். நல்ல கள்ளன் மன்னிக்கப்பட்டான். ஆனால் சிலுவையிலிருந்து இறங்கவில்லை. ‘நாம் தண்டிக்கப்படுவது முறையே’ என்று அவனே ஒப்புக்கொண்டிருந்தான். அன்று மாலை படைவீரர்கள் வந்து அவன் காலை முறித்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். மன்னிப்பு வந்தால் விளைவெல்லாம் மறைந்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை.

பத்தாயிரம் தாலந்து உவமையில் அந்தத் தொகை எவ்வளவு?

மத்தேயு 18இல் ஒரு ராஜா தன் பணியாளனின் பத்தாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகப் பெரிய கடன் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருடம் ஆகும். கலிலேயா, பெரேயா இரண்டிலிருந்தும் ஏரோது அந்திப்பாவுக்கு வருடத்துக்கு வந்த வரி 200 தாலந்து என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். அந்த வருமானத்தில் 50 வருடம்! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

நாள் கூலியை 500 ரூபாய் என்று வைத்து வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். 3,000 கோடி, 50,000. பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: ‘சார், அம்பதாயிரமும் சின்னக் காசு இல்லையே.’ அன்றைக்கு எனக்கே பாடம் எடுத்தவன் அவன்தான். நமக்கு வரவேண்டியது ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. மூன்று நான்கு மாதக் கூலி அது, உண்மையான பணம், உண்மையான வலி. பக்கத்தில் எழுதியிருக்கிற மற்றத் தொகையையும் சேர்த்துப் பார் என்கிறார்.

இரக்கமுள்ள அரசர் மத்தேயு 25இல் ஏன் சிலரைத் துரத்துகிறார்?

அதை மெழுகி மறைக்க நான் தயாரில்லை. ‘அகன்று போங்கள்’ என்றுதான் அங்கே இருக்கிறது. ஆனால் எதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்? பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், ஊர்பேர் தெரியாதவனுக்குத் திண்ணை, துணி, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தது. அரசரின் தீர்ப்புக்கு அளவுகோலே இரக்கம்தான்.

ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் வரும் கதை நமக்குத் தெரியும். விடிந்ததும் அரண்மனைக்குத் திரும்பி வேடத்தைக் கலைத்துவிடுவான். இந்த அரசர் ‘எனக்கே செய்தீர்கள்’ என்கிறார். பசித்தவன் அவருக்கு வேடமாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா?

இந்த விழா எப்போது, ஏன் தொடங்கியது?

1925 டிசம்பர் 11இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் ஒரு சுற்றுமடல் எழுதி இதை ஏற்படுத்தினார். முதல் உலகப்போர் முடிந்து ஏழு வருடம். ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மன்னர்கள் போய்விட்டார்கள். இத்தாலியில் முசோலினி அமர்ந்துவிட்டார். தேசமும் தலைவனும் கடவுளாகிக்கொண்டிருந்த காலம். அதற்கு மேலே ஓர் அரசர் உண்டு என்று நினைவுபடுத்தத்தான் இது. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு கொண்டாடினார்கள். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார்கள்.

இந்தப் பெயரைத் தப்பாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1970களில் ஸ்பெயினில் ‘கிறிஸ்து அரசரின் கெரில்லாக்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு வலதுசாரிக் கும்பல் ஆட்களை அடித்துக்கொண்டு திரிந்தது. அதற்கு எதிரில் நான் வைக்கும் படம் மெக்சிகோவின் இயேசு சபைக் குரு மிகேல் புரோவுடையது. திருச்சபையை அரசு ஒடுக்கிய காலம் அது. விசாரணையே இல்லாமல் 1927 நவம்பர் 23 அன்று அவரைச் சுட்டார்கள். மற்றவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று புகைப்படமும் எடுக்கவைத்தது அரசு. சுட வந்தவர்களை மன்னித்துவிட்டு, சிலுவைபோலக் கைகளை விரித்து நின்றார். கடைசியாகச் சொன்னது ‘கிறிஸ்து அரசர் வாழ்க.’ பயமுறுத்த எடுத்த படம் பக்திப் படமாக வீடு வீடாகப் போனது.

இறை இரக்க ஞாயிறும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு நாள். இறை இரக்க ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. போலந்துக் கன்னியர் ஃபவுஸ்தினாவை 2000 ஏப்ரல் 30 அன்று புனிதர் என்று அறிவித்தபோது திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் இதையும் அறிவித்தார். ஃபவுஸ்தினா தன் நாட்குறிப்பில் இயேசுவை ‘இரக்கத்தின் அரசர்’ என்கிறார். பல வீடுகளில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைக் கவனித்தீர்களா? வெள்ளை உடை, நெஞ்சிலிருந்து இரண்டு கதிர், ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்ற வரி. கிரீடம் கிடையாது. 2015இல் தொடங்கிய இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் முடித்த நாளோ 2016 நவம்பர் 20, கிறிஸ்து அரசர் பெருவிழா.

சீர்திருத்த சபைகளில் இந்த விழா உண்டா?

ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் உண்டு. விழா இல்லாத சபைகளிலும் விசுவாசம் அதேதான். 1934 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மனியில், வாழ்க்கையின் எந்தப் பகுதியும் கிறிஸ்துவைவிட்டு வேறொரு தலைவனுக்குச் சொந்தமில்லை என்று பார்மன் நகரில் அறிக்கை விட்டவர்கள் சீர்திருத்த சபையினர்தான்.

எனக்கு ஒருவரை மன்னிக்கவே முடியவில்லை. அரசர் என்னையும் துரத்துவாரா?

என் அப்பா ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் கட்டவில்லை. அம்மாவின் தாலிச்சங்கிலி அடகுக்குப் போய் மூழ்கியது. அப்பா சாகும்வரை மஞ்சள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் இன்றும் எங்கள் கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறார். ‘எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல’ என்ற இடம் வந்தால் பல வருடம் என் வாய் மூடிக்கொள்ளும். கரும்பலகையில் 3,000 கோடியும் 50,000மும் எழுதிய ஆள்தான் நான்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். வயதான சாமியார் ஒருவர், ‘மன்னிக்க முடியலன்னா, மன்னிக்கணும்னு ஆசையாவது வரட்டும்னு கேளு. அதையாவது கேட்கலாம்ல’ என்றார். கேட்கிறேன்.

போன வருடம் கிறிஸ்து அரசர் பூசையில், ‘ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்’ என்றதும் அந்த மனிதர் திரும்பினார். நான் கும்பிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.